ஏழு பேரின் ரத்தம்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு ஏழு பேரின் ரத்தம் வரும். பூச்சிமருந்துக் கம்பெனியின் கம்பவுண்டர் சுப்புராஜ் அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஏந்திக்கொண்டு வருவார். ஏழு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி அந்தந்த ஆளின் கம்பெனி டோக்கன் நம்பர் எழுதியிருக்கும்.

வேம்பு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வாள். அதற்கப்புறம் மாலை வரை அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. மற்ற நாட்களிலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியும், டீ வேண்டுமா என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவாள்.

அவள் வேலை இதுதான். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் ஒரு ரசாயனத்தை வெளியே விடும். அதை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் ஏற்பிகள் இருக்கின்றன. சேதி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி வந்து அந்த ரசாயனத்தைச் சிதைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சொன்ன சேதியே ஓயாமல் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும். பூச்சிமருந்து கட்டிப்போடுவது அந்த நொதியைத்தான். பூச்சி சாவது அதனால்தான். மனிதனுக்கும் அதே நொதிதான்.

எலிகளிடம் ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. மருந்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் எலி முதலில் நடுங்கும், எச்சில் ஒழுகும். இரண்டு வாரத்தில் பழைய மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். குணமானதாக அதற்கு அர்த்தமில்லை. அதன் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டிருக்கும். கத்துகிறவனின் வாயை மூட முடியாதவன் தன் காதைப் பொத்திக்கொள்கிறானே, அந்த மாதிரி.

மனிதனுக்கும் அப்படி நடக்கிறதா என்பது வேம்புவின் கேள்வி. அவளுடைய கேள்வி என்பதைவிட, அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் ஹபீபுல்லாவின் கேள்வி. முப்பது வருடமாக எலிகளோடு இருந்து அலுத்தவர் அவர். மனிதனின் மூளையைத் திறந்து ஏற்பிகளை எண்ண முடியாது. ஆனால் அதே ஏற்பி ரத்தத்தின் வெள்ளணுக்களிலும் உண்டு. கதிரியக்கம் ஏற்றிய ஒரு மருந்தோடு வெள்ளணுக்களைக் கலந்தால் அது ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவித் தள்ளிவிட்டு, ஒட்டியதை இயந்திரத்தில் வைத்து எண்ணலாம்.

அப்படி எண்ணுவதற்கு, தினமும் பூச்சிமருந்துத் தூளில் நிற்கிற மனிதர்கள் வேண்டும். வேம்புவுக்கு அவர்கள் கிடைத்தது அண்ணன் வல்லரசால்தான். அவன் அந்தக் கம்பெனி யார்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். வியாசர்பாடியில் பாக்ஸிங் ஆடிய உடம்பு. தூள் அரைத்து மூட்டை பிடிக்கும் ஷெட்டுக்கும் அவன் நிற்கும் யார்டுக்கும் நடுவில் நல்ல தூரம். ஷெட்டில் இருந்த ஏழு கான்ட்ராக்ட் ஆட்களும் அவனுக்குத் தோஸ்துகள். "எங்க வூட்டு பொண்ணு படிக்கிறதுக்குடா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். ஏழு பேரும் சம்மதித்தார்கள்.

கம்பெனியும் சம்மதித்தது. எப்படியும் மாதாமாதம் அந்த ஆட்களின் ரத்தத்தைப் பார்த்தாக வேண்டும் என்று விதி இருந்தது. பெண்கள் ஷெட்டுப் பக்கம் போகக் கூடாது, கம்பவுண்டர்தான் ரத்தம் எடுப்பார், எந்த எண்ணையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் டோக்கன் நம்பரோடு கம்பெனிக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஆக, ரத்தம் செவ்வாய்க்கிழமை பெட்டியில் வந்தது. மனிதர்களை வேம்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். எர்ணாவூரிலும் திருவொற்றியூரிலும் சந்து சந்தாக ஏறி இறங்கி, ஒரு டார்ச் விளக்கால் கண்ணைப் பார்த்து, இருபத்திரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொள்வாள். கண்ணின் பாவை கடுகு போலச் சுருங்கியிருக்கும். தலைவலி. வாயில் தண்ணீர் ஊறல். விடியும் வரை கெட்ட கனவு. பேர் மறந்துபோகிறது.

"மறதி இருக்கா?" என்று கேட்டபோது, வெள்ளத்துரை என்கிற ஆள் மனைவியைப் பார்த்து, "ஏய், எனக்கு மறதி கீதா?" என்றான்.

"போன வாரம் பெரியவள இன்னா பேர் சொல்லி கூப்ட்ட? உங்க அம்மா பேர சொல்லி கூப்ட்ட" என்றாள் டோரதி.

"அது மறதி இல்ல தங்கச்சி, பயம். எங்க அம்மா மாதிரியே மொறைக்கிறா."

வேம்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

பதினெட்டு மாதம் இப்படியே போனது. நூற்று இருபத்தாறு குழாய்கள். விடை யாரும் எதிர்பாராத விதமாக வந்தது. ஏழு பேருக்கும் எல்லாத் தொந்தரவும் இருந்தது. ஆனால் ரத்தத்தில் நொதி நல்ல அளவில் இருந்தது. வெள்ளணுக்களின் ஏற்பியும் குறையவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. தூளே படாத வேறு இடத்து ஆட்களின் ரத்தத்தில்கூட எண்கள் நாற்பத்தைந்திலிருந்து எழுபது வரை சிதறிக் கிடந்தன. இந்த ஏழு பேரின் எண்கள் மட்டும் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன.

ஹபீபுல்லா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பட்டியலை ரசித்துப் பார்த்தார்.

"ஏழு பேரும் ஒரே வயித்துல பொறந்த மாதிரியில்ல இருக்கு! என்ன கைம்மா உனக்கு! மத்த ஆட்களோட நம்பர் ஏன் இப்படி சிதறுது?"

"அது முதல்ல பண்ணினது, சார். அப்ப எனக்குக் கை படியல."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன் கை படிந்துவிட்டது என்று அவளாக நினைத்துக்கொண்ட ஒரே பெருமை அது.

அந்த எண்களை வைத்துத்தான் அவள் ஆய்வேட்டின் முடிவை எழுதினாள். இந்த மருந்தின் வேலை மூளையில் மட்டுமே நடக்கிறது, ரத்தம் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. இதற்கு முன் யாரும் சொல்லாத முடிவு. பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி உதவித்தொகை முடிகிறது. அதற்குள் சமர்ப்பித்துவிட்டால் பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை காத்திருந்தது. சமர்ப்பித்ததற்கான சான்றை மட்டும் அவர்கள் கேட்டிருந்தார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பெஞ்சுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுக்கும் வேம்பு, அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள்.

ஜனவரி கடைசியில் டோரதி ஆய்வுக்கூடத்துக்கே தேடி வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"பாப்பா, அவுரு ஆட்டோ லைசென்ஸுக்கு எழுதி போடறாரு. எங்க சித்தப்பா பையன் வண்டி தரேன்னுக்கீறான். டிரைவிங் ஸ்கூல்ல ரத்தம் இன்னா குரூப்புன்னு கேக்கறாங்கோ. அவுரு ரத்தம்தான் உங்கிட்ட குடம் குடமா கீதே, ஒரு சீட்டுல எழுதி குடேன்."

வேம்புவுக்கு அது ஒரு வேலையே இல்லை. வெள்ளணுக்களைப் பிரித்த பிறகு எஞ்சிய ரத்தம் குளிர்பெட்டியில் இருந்தது. வெள்ளத்துரையின் நம்பர் போட்ட குழாயிலிருந்து மூன்று சொட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, குரூப் பார்க்கும் மூன்று மருந்திலும் கலந்து தகட்டை ஆட்டினாள். ஏ மருந்தில் ரத்தம் ரவை மாதிரித் திரிந்தது. பி மருந்திலும் திரிந்தது. டி மருந்தில் அப்படியே வழவழவென்று நின்றது.

"ஏபி நெகட்டிவ்க்கா. ரொம்ப அபூர்வமான குரூப். எங்க அண்ணனுக்கும் இதேதான்."

டோரதி சிரிக்கவில்லை. "நெகட்டிவா? இன்னா பாப்பா சொல்ற? சின்னவ பொறந்தப்ப எனக்கு ரத்தம் பத்தல. அவுரு ரத்தத்தத்தான் எடுத்து ஏத்துனாங்கோ. ஓ பாசிட்டிவ்னு டாக்டரே சொன்னாரே. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம், கர்த்தர் போட்ட ஜோடின்னு நர்ஸம்மாகூட கிண்டல் பண்ணாங்கோ."

ஓ பாசிட்டிவ்காரிக்கு ஏபி ரத்தத்தை ஏற்றியிருந்தால் டோரதி இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டாள். "குழாய் மாறிடுச்சு போல. நான் வூட்டுக்கு வந்து எடுத்துப் பாத்துச் சொல்றேன்" என்று மட்டும் வேம்பு சொன்னாள்.

டோரதி போன பிறகு மற்ற ஆறு குழாய்களையும் எடுத்தாள். ஆறு தகடு. ஆறிலும் ஏயில் திரிந்தது, பியில் திரிந்தது, டியில் வழவழவென்று நின்றது.

போன மாதத்துக் குழாய்களையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு தகடுகளைக் கழுவி, வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். நூறு பேரில் ஒருவருக்குக்கூட அமையாத ரத்தம் அது. வியாசர்பாடியில் யாருக்காவது அது தேவைப்பட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அண்ணனைத் தேடி நேராக வேம்புவின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

வல்லரசு வேலை முடிந்து வந்து, வாசல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"ண்ணா, கையக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டு."

இடது முழங்கையின் மடிப்பில், நரம்பு ஓடும் இடத்தில், வரிசையாகப் பொட்டுப் பொட்டாகத் தழும்பு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கிறவன் கையில் அது இருப்பது சகஜம் என்று நினைத்து, அவள் இதுவரை அதை உற்றுப் பார்த்ததே இல்லை.

"ஏழு பேருக்கும் நீதான் குடுத்தியா?"

"யாரு போட்டு குடுத்தது? சுப்புராஜா?"

"உன் ரத்தமே சொல்லிச்சு."

வல்லரசு கொஞ்சம் அசந்துதான் போனான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான். "பாத்தியா, படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளதான். மெர்சலாவாத வேம்பு. ஒரே குத்து, ஏழு டியூபு. ஆஸ்பத்திரில ஒரு தபாவுக்கு ஒரு பையே உறிஞ்சிடறானுங்க. இது இன்னா, ஜுஜுபி."

"எதுக்குண்ணா?"

"ஷெட்டுல இருந்த தேசப்பன் இன்னா ஆனான்னு தெரியும்ல? நீ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவனுக்கு ரத்தம் கம்மின்னு சீட்டு வந்துச்சு. ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்துக்கோன்னான். கம்பெனி ஆளா இருந்தா ஆபீஸ்ல குந்த வச்சிருப்பான். இவன் கான்ட்ராக்ட்டு. ரெஸ்ட்டு முடிஞ்சு போனா, கேட்லயே டோக்கன் இல்லன்ட்டான். இன்னிக்கு காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கிறான். அத்த பாத்தப்புறம் இவனுங்க ஏழு பேரும் எங்கிட்ட வந்து அழுதானுங்க. சுப்புராஜு அண்ணன் நல்ல மன்ஷன். கண்ண மூடிக்கினாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"உனக்கும் சேத்துதானே செஞ்சேன்!" அவன் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "அவனுங்க கலீஜ் ரத்தத்த வச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ? ரிப்போர்ட்டு எல்லாம் நார்மல்னு வந்தா நீயும் பாஸு, அவனுங்களும் பாஸு. பன்னெண்டாவதுல ரெண்டு மார்க் கொறஞ்சதுக்கு மூணு நாளு சோறு துன்னாம கெடந்தவ நீ. ரத்தம் நல்லாக்கணும்னு திங்கக்கெழம ஆனா நான் பீரு பக்கமே போறதில்ல, தெரியுமா? கீரையா துன்னுகினுகீறேன்."

வேம்பு அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டுவதற்கு அதில் ஓரிடமும் இல்லை. குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடிவிட்டு உள்ளே போனாள்.

அன்றிரவு முழுக்க அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பேசாமல் சமர்ப்பித்துவிடலாம். அப்படிச் செய்தால், அண்ணன் ஒருவனின் ரத்தத்தைப் பதினெட்டு மாதம் எண்ணியதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அது வெறும் பொய் மட்டும் இல்லை. இந்த ஆட்களின் ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்று அச்சில் ஏறும். கம்பெனி டாக்டர் இப்போதே ஒரு பிரதி கேட்டிருந்தார். நடந்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஏழு பேருக்கும் கேட்டில் டோக்கன் கிடைக்காது. வல்லரசுக்கும் சுப்புராஜுக்கும் அதற்கு மேலும் நடக்கும். டோக்கன் நம்பரை மறைத்து எண்ணை மட்டும் கொடுக்கலாம் என்றால் ஒப்பந்தம் குறுக்கே நின்றது. அந்த ஷெட்டில் இருப்பதே ஏழு பேர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஞாயிற்றுக்கிழமை ஊசியும் குழாயும் எடுத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் போனாள். கம்பெனிக்குத் தெரியாது, என் மனசுக்காக மட்டும், உங்கள் சொந்த ரத்தத்தைக் கொடுங்கள் என்று கேட்டாள். ஐந்து வருடத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. ஆறு வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார். இன்னொருவர் கதவில் நின்றபடியே கேட்டார்: "படிச்ச பொண்ணுதானே, உனுக்கு வேற எலி கெடைக்கலியா?"

வெள்ளத்துரை மட்டும் கையை நீட்டினான். டோரதி சர்ச்சுக்குப் போயிருந்தாள்.

"அவளுக்கு உண்மையான குரூப்பு எழுதி குடுத்துடு தங்கச்சி. நாலு நாளா, யாரு ரத்தம்டா உன் ஒடம்புல ஓடுதுன்னு என்ன போட்டு வறுக்கறா."

திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆய்வுக்கூடத்தில் அன்று யாரும் இல்லை. காவலாளியிடம் சாவி வாங்கித் தனியாக வேலை பார்த்தாள். பதினெட்டு மாதமாகச் செய்த அதே வேலைதான். ஆனால் இன்று தன் கையை அவள் நம்பவில்லை. அதனால் ஒரே ரத்தத்தை மூன்று பங்காகப் பிரித்து மூன்று முறை செய்தாள்.

நொதி, இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. இயந்திரம் ஏற்பிகளை எண்ணித் துண்டுக் காகிதத்தில் அச்சிட்டது. இருபத்தாறு. இருபத்தைந்து. இருபத்தாறு.

வேம்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எலியிடம் நடப்பது மனிதனிடமும் நடக்கிறது. அவளும் பேராசிரியரும் முதலில் கேட்ட கேள்விக்கு விடை 'ஆம்' என்பதுதான். இந்த மனிதனின் உடம்பு தன் ஏற்பிகளில் பாதிக்கு மேல் மூடிக்கொண்டுதான் தினமும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம் வந்தது. வந்த உடனே வெட்கமாகிவிட்டது.

அடுத்த நாள் ஷிப்டு விடும் நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் டீக்கடைப் பக்கம் நின்று வெள்ளத்துரையைப் பிடித்தாள். அவனிடம் மறைக்கக் கூடாது என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பம் இல்லை. எண்ணையும் சொன்னாள், அர்த்தத்தையும் சொன்னாள்.

"இன்னும் எத்தினி நாளு தாங்கும்?"

"தெரியாதுண்ணா. எலிக்குத்தான் தெரியும். இன்னிக்கே நின்னுட்டா மூணு நாலு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும். ஒரு நாள் தூள் கொஞ்சம் அதிகமா உள்ள போயிட்டா மூச்சே நின்னுடும்."

அவன் டீயை ஆற்றினான். "மூணு மாசம். லைசென்ஸ் வந்துடும், வண்டி வந்துடும். நானே வெளிய வந்துடுவேன். அதுவரிக்கும் நீ வாயத் தொறக்காத. நான் போனா நஷ்டமில்ல தங்கச்சி. ஆனா ஒரு டோக்கன் மாட்டுனா ஏழும் மாட்டும். ஏய், பாத்துக்கோ, உங்க அண்ணனுக்கு வெலங்கே போட்ருவானுங்க."

"மத்த ஆறு பேரு?"

"அவனுங்களுக்கு ஆட்டோ குடுக்க சித்தப்பா பையன் இல்லியே."

அவன் டீ கிளாஸைக் கவிழ்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, மறந்துவிட்டவன் போல அவளையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வேம்பு பேராசிரியரின் அறைக்குப் போனாள். ஹபீபுல்லா ஆய்வேட்டின் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. வண்ணாரப்பேட்டையில் இருந்து தினமும் நடந்தே வருகிற மனிதர். அவர் மேஜையில் தொப்பியும் பேனாவும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும்.

"சார், அந்த ஏழு பேர் டேட்டாவ எடுத்துடணும்."

"எந்த மாசத்துது?"

"எல்லா மாசமும்."

அவர் பேனாவை மூடினார்.

"குழாய்ல நம்பர மாத்தி மாத்தி வச்சிருக்கேன், சார். ஒரே சாம்பிளத் திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். அதான் நம்பர் எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. என் தப்புதான்."

"பதினெட்டு மாசமுமா?"

"ஆமா சார்."

"நீயா?"

இருபத்தெட்டாம் தேதியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, பெங்களூரைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தத் தேதிக்குள் சமர்ப்பிக்க இனி ஏதும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் எழுந்து, அவள் கையிலிருந்த பெரிய நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமையின் துண்டுக் காகிதத்தை அவள் வழக்கம் போல நோட்டில் ஒட்டியிருந்தாள். வந்த எண்ணை ஒட்டாமல் விட அவளால் முடிந்ததில்லை. அதில் தேதி மட்டும் இருந்தது, டோக்கன் நம்பர் இல்லை.

ஹபீபுல்லா அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பக்கத்தில் அவள் எழுதியிருந்த நொதியின் அளவைப் பார்த்தார். நாற்காலியைத் தடவி மெதுவாக உட்கார்ந்தார்.

"வேம்பு, இது யாரும்மா?"

அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"முப்பது வருஷம் எலியில பாத்தேன். மனுஷன்ல இப்படி ஒரு நம்பர நான் கண்ணால பாத்ததில்ல. மூணு தடவ பண்ணியிருக்க. மூணும் நிக்குது. இந்த மாதிரி இன்னும் ஆறு இருந்தா, உன் பழைய முடிவெல்லாம் தூக்கிக் குப்பையில போடு, நான் யுனிவர்சிட்டிக்கு எழுதி ஆறு மாசம் டைம் வாங்கித் தரேன். பெங்களூருக்கும் நானே பேசறேன். பேர் வேணாம். டோக்கன் நம்பர் மட்டும் சொல்லு."

அந்த ஷெட்டில் டோக்கன் நம்பர்தான் பேர்.

"சார், அது கெட்டுப்போன சாம்பிள்."

"என்ன?"

"ஞாயித்துக்கிழம பஸ்ல கொண்டு வந்தேன். ஐஸ் கரைஞ்சிடுச்சு."

"கெட்டுப்போன ரத்தம் மூணு தடவ ஒரே நம்பர் குடுக்காதும்மா. அது சிதறும். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

வேம்பு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரக்கு ரயில் ஒன்று துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேஜை மேலிருந்த பேனா லேசாக ஆடியது. ரயில் போய் முடியும் வரை அவர் காத்திருந்தார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை உண்டு. நோட்டில் ஏறிய எண்ணை யாரும் அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. வேண்டாமென்றால் அடியில் இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, ஏன் என்று எழுதி, தேதியோடு கையெழுத்து வைக்க வேண்டும். ஹபீபுல்லா சிவப்பு மைப் பேனாவை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

"அப்போ எழுது. உன் கையாலயே எழுது."

அவள் நின்றபடியே எழுதினாள். பதினெட்டு பக்கம். நூற்று இருபத்தாறு எண்களின் மேல் பக்கத்துக்கு ஏழாகக் கோடு இழுத்து, 'குழாய் மாறியது, என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நேரம் பிடித்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கடைசிப் பக்கம் வந்தபோது அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு இருபத்தாறின் மேல், இருபத்தைந்தின் மேல், மறுபடி இருபத்தாறின் மேல் கோடு போட்டாள். பக்கத்தில் 'கெட்டுப்போன சாம்பிள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து வருடத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே உண்மையான எண் அதுதான். கோடு நேராக விழுந்தது.

ஹபீபுல்லா வந்து பார்த்தார். கோட்டுக்கு அடியில் இருந்த எண்ணை வாய்க்குள் ஒரு முறை படித்தார். பிறகு நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"தேதி போடலையே" என்றார்.

வேம்பு தேதி போட்டாள்.